பிலிப்பைன்ஸ் கையா, தைவான் கையா?

புக்கிட் செந்தோசாவில் ஒரு கடை வரிசையின் மேல் மாடியில் பில்லியர்ட்ஸ் நிலையம் ஒன்று இருந்தது. படியேறியதும் கண்ணில் படுவது ஓர் அறிவிப்புப் பலகை: பள்ளிச் சீருடையில் வருவோருக்கு அனுமதி இல்லை. படிவம் ஆறில் படித்த காலத்தில், பதினெட்டு வயது நிரம்பிய பிறகு, வீட்டுக்குப் போய் உடை மாற்றிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறியவர்களில் நானும் ஒருவன்.

அங்கே எனக்கும் என் நண்பனுக்கும் தீராத ஒரு சண்டை உண்டு. பில்லியர்ட்ஸ் மேசையில் யார் பெரியவர்கள்? பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர்களா, தைவான் ஆட்டக்காரர்களா? நான் பிலிப்பைன்ஸ் கட்சி, அவன் தைவான் கட்சி. கைப்பேசியில் பழைய போட்டிகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டே தே ஐஸ் கரையும்வரை வாதாடுவோம்.

அப்போது அது வெறும் அரட்டை. பிறகு என் தேர்வுத் தாளிலும், அப்பா கொடுத்த அறுபது வெள்ளியிலும் வந்து முடிந்ததால்தான் இன்று அதைப் பற்றி எழுதுகிறேன்.

ஒன்பது பந்து, ஒரே விதி

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நாங்கள் பார்த்தது ‘நைன்-பால்’ எனும் ஒன்பது பந்து ஆட்டம். 1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகள் மேசையில் இருக்கும். வெள்ளைப் பந்தால், இருப்பதிலேயே குறைந்த எண் கொண்ட பந்தை முதலில் தொட வேண்டும். முறைப்படி 9-ஐக் குழிக்குள் தள்ளுபவருக்கு அந்தச் சுற்று. எனவே பந்தைக் குழியில் போடுவது பாதி வேலைதான். அடுத்த பந்துக்கு வசதியான இடத்தில் வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய் நிறுத்துவது மீதிப் பாதி. எதிராளி வெள்ளைப் பந்தை மற்றொரு பந்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டால், மேசை விளிம்பில் மோதவிட்டுச் சுற்றி வந்துதான் தொட வேண்டும்.

இந்த வகை ஆட்டங்களுக்கும் தமிழ் மண்ணுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. ஸ்னூக்கர் 1875-இல் இந்தியாவின் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லின் எனும் ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் கையில் உருவானது. (பின்னாளில் பிரதமரானவர் வேறொரு சேம்பர்லின்.) அதன் விதிகள் 1882-இல் எழுதி வைக்கப்பட்ட இடம் நம் உதகமண்டலம், ஊட்டி கிளப். ஆனால் அந்த மேசை அன்று துரைமார்களுக்கு மட்டும்தான். நம் சனங்களின் கைக்கு வந்தது கேரம் பலகை. அனைத்துலகக் கேரம் சம்மேளனம் 1988-இல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலக வெற்றியாளர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கிண்ணத்தில் மூன்று தங்கம் வென்ற காசிமா, சென்னையைச் சேர்ந்த ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

நானும் கேரம் பிள்ளைதான். வட சிலாங்கூரில் நாங்கள் இருந்த தோட்டத்தில், கோயில் மண்டபத்து விளக்கடியில் தாத்தாமார்களோடு ஆடிப் பழகிய விரல். தோட்டத்தை விட்டுப் புக்கிட் செந்தோசாவுக்குக் குடிவந்தபோது கேரம் பலகை வரவில்லை, விரல் மட்டும் வந்தது. அதனால்தான் பில்லியர்ட்ஸ் கோலைப் பிடித்த முதல் வாரத்திலேயே, “உனக்கு இது ரத்தத்திலேயே இருக்குடா” என்றார்கள். நானும் நம்பினேன்.

மாயக்காரர்

நான் பிலிப்பைன்ஸ் கட்சியானதற்குக் காரணம் ஒரே ஒருவர்: எஃப்ரன் ரெயஸ். 1954-இல் பம்பாங்கா மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே மணிலாவில் பில்லியர்ட்ஸ் கூடம் நடத்திய மாமாவிடம் அனுப்பப்பட்டார். பகலில் கூடத்தில் எடுபிடி வேலை, இரவில் அதே மேசைமேல் படுக்கை. மேசை உயரம் எட்டாமல், குளிர்பானப் பெட்டிகளை அடுக்கி அவற்றின்மேல் ஏறி நின்று ஆடினார். 1985-இல் அமெரிக்காவின் ஹியூஸ்டனுக்குப் போனபோது, தன் பெயரைக் கேட்டால் யாரும் பந்தயம் கட்ட வரமாட்டார்கள் என்று ‘சீசர் மோராலெஸ்’ என்ற வேறு பெயரில் ஆடி வென்றார். 1994-இல் அமெரிக்கப் பொது ஒன்பது பந்துப் போட்டியை வென்ற முதல் வெளிநாட்டவர் அவர்தான். 1996-இல் ஹாங்காங்கில் எர்ல் ஸ்டிரிக்லேண்டுடன் 120 வெற்றிகளுக்கான தொடர் ஆட்டம்; பரிசு ஒரு லட்சம் அமெரிக்க டாலர். பின்தங்கியிருந்து எழுந்து 120–117 என்று முடித்தார்.

அவருடைய கோல் வீச்சைப் பாருங்கள். முன்கை பந்திலிருந்து வெகு தூரம் தள்ளி ஊன்றியிருக்கும். மணிக்கட்டு தளர்ந்து ஊஞ்சலாடும். அடிக்கும்வரை கோலின் நுனி வெள்ளைப் பந்தின் அடிப்பக்கம், துணியை உரசுவதுபோல் தாழ்ந்திருக்கும். கடைசி நொடியில்தான் வேண்டிய இடத்துக்கு ஏறும். அவருடைய நண்பர் ஃபிரான்சிஸ்கோ புஸ்தமாந்தேயின் வீச்சு இன்னும் பெரிது. பயிற்சிப் புத்தகம் எதுவும் இப்படி ஆடச் சொல்லாது. ஆனாலும் பந்து விழும்.

ஒரே மாதிரி ஐம்பது முறை

என் நண்பனுக்குப் பிடித்தது இதற்கு நேர் எதிர். தைவான் ஆட்டக்காரர்கள் குனிந்தால் தாடை கோலின்மேல் வந்து நிற்கும். பின்வாங்கும் வீச்சு சிறியது, நேரானது. முதல் பந்துக்கும் ஒன்பதாம் பந்துக்கும் ஒரே தாளம். முகத்தில் எதுவும் தெரியாது. முதல் உடைப்பு அடியிலிருந்தே வரைபடம் போட்டதுபோல், வெள்ளைப் பந்தை அதிகம் ஓடவிடாமல் குறுகிய பாதையில் நகர்த்தி மேசையைத் துடைத்துவிடுவார்கள்.

சாவ் ஃபாங்-பாங் 1993-இலும் 2000-இலும் உலக வெற்றியாளர். 2005-இல் சொந்த மண்ணான காவ்ஸியுங்கில் நடந்த உலகப் போட்டியில் இறுதியாட்டத்துக்கு வந்த இருவருமே தைவான்காரர்கள். குவோ போ-செங்கை 17–16 என்று வென்றவர் வூ ஜியா-சிங். அப்போது அவருக்கு வயது 16. நம் கணக்கில் படிவம் நான்கு! 2015-இல் கோ பின்-யி உலகப் பட்டம் வென்றார். 2019-இல் அவருடைய தம்பி கோ பிங்-சுங் பத்துப் பந்து ஆட்டத்தில் உலக வெற்றியாளர்.

இரு நாடுகளும் பலமுறை நேருக்கு நேர் மோதியிருக்கின்றன. 1999-இல் கார்டிஃப் நகரில் ரெயஸ் உலகப் பட்டம் வென்றபோது இறுதியில் தோற்றவர் தைவானின் சாங் ஹாவ்-பிங், 17–8. 2010-இல் டோஹாவில் புஸ்தமாந்தே வென்றதும் குவோ போ-செங்கை எதிர்த்துத்தான், 13–7. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், உலகப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே தன் கைக்குழந்தையை இழந்த செய்தி கேட்டும் ஆடி, இறுதியில் 17–15 என்று தோற்றவர் புஸ்தமாந்தே. 2010 வெற்றியை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

“பாத்தியா? மோதினா யாரு ஜெயிக்கிறா?” என்பேன் நான்.

“ரெண்டு ஆட்டத்த வச்சி பேசாதடா. அவங்க வீச்சு ஒனக்கு வருமா? இவங்க வீச்ச நீ கத்துக்கலாம்” என்பான் அவன்.

சொல்வதோடு நிற்கவில்லை. ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் வைத்திருந்தான். தினமும் ஆட்டம் தொடங்கும்முன் ஒரே அடியை 50 முறை அடிப்பான். நேரெதிர்ப் பந்து குழியில் விழ வேண்டும், வெள்ளைப் பந்து மோதிய இடத்திலேயே நின்றுவிட வேண்டும். நின்றதை மட்டும் எண்ணி எழுதுவான்: 22/50, 25/50, 24/50. நான் சிரிப்பேன். “எஃப்ரன் நோட்டுப் புக்குல எழுதியா கத்துக்கிட்டாரு?”

அறுபது வெள்ளி

அந்த ஆண்டு எஸ்.டி.பி.எம். முதல் தவணை நெருங்கிய நேரம். கணிதப் பயிற்சி நூல்கள் வாங்க அப்பா அறுபது வெள்ளி கொடுத்தார். ஒரு தொழிற்சாலையில் பாதுகாவலர் வேலை பார்ப்பவருக்கு அறுபது வெள்ளி என்பது சும்மா வருவதல்ல.

அன்று மாலை நிலையத்தில், முன்பின் பார்த்திராத ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், “தம்பி, ஒரு செட் போடுவோமா? சும்மா பத்து வெள்ளி” என்றார். நான்கு அடிக்கு ஒன்று என் அடி அபாரமாக விழும், சுற்றி நிற்பவர்கள் கை தட்டுவார்கள். அவருடைய அடிக்கு யாரும் கை தட்டவில்லை. நேராக, மெதுவாக, சலிப்பூட்டும்படி ஆடினார். ஒன்றரை மணி நேரத்தில் அறுபது வெள்ளியும் போய்விட்டது.

நூல் இல்லாமலே தேர்வு எழுதினேன். நூல் இருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று இப்போது தெரியும். கணிதத்தையும் நான் அப்படித்தான் படித்தேன். கடினமான கணக்கு ஒன்றை எடுத்து, அந்த நேரத்து மூளையில் எதையாவது பிடித்து விடை கண்டுவிட்டால் போதும், அன்றைய படிப்பு முடிந்தது. ஒரே மாதிரிக் கணக்கை இருபது முறை போடுவது எனக்கு இழுக்கு. முடிவு வந்தது. கணிதத் தாளில் தோல்வி.

அந்த வாரம் உறவினர் வீட்டு விருந்தில் ஒருவர் ஆறுதலாகச் சொன்னார்: “விடுங்க, நம்ம பிள்ளைங்களுக்குக் கணக்கு ரத்தத்துலயே வராது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோல்வியைவிட அந்தச் சொல்தான் சுட்டது. மேல் மாடியில் என்னைத் தூக்கிய அதே ‘ரத்தம்’ இங்கே என்னைக் கவிழ்த்தது.

மரம் எப்படியோ, கை அப்படி

அறுபது வெள்ளி விஷயத்தை அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடி விழும் என்று நினைத்தேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “எப்படித் தோத்த?” என்று மட்டும் கேட்டார்.

பிலிப்பைன்ஸ், தைவான், பெரிய வீச்சு, சின்ன வீச்சு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் இளவயதில் பால்மரம் வெட்டியவர். கேட்டுவிட்டுச் சொன்னார்:

“மேட்டுல மரம் வெட்டுறவன் கை வேற, பள்ளத்துல வெட்டுறவன் கை வேற. கிழ மரத்துல ஒசரத்துல வெட்டுனவன் தோளு வேற. பாக்கறவனுக்கு ஸ்டைலு மாதிரி தெரியும். அது ஸ்டைலு இல்ல தம்பி, மரம். மரம் எப்படியோ, கை அப்படி. ஆனா ஆழமா வெட்டி மரத்தக் காயப்படுத்தாம இருக்க எல்லாரும் ஒண்ணுதான் செஞ்சோம். நாளுக்கு நானூறு, ஐநூறு மரம்.”

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பிலிப்பைன்ஸ்காரர்களின் ‘மரம்’ எது என்று தேட ஆரம்பித்தேன்.

அங்கே சிறுவர்கள் முதலில் பழகுவது ‘ரொட்டேஷன்’ எனும் ஆட்டம். ஒன்பது அல்ல, பதினைந்து பந்துகள். பந்தின் எண்ணே அதன் புள்ளி. 1 முதல் 15 வரை கூட்டினால் 120. 61-ஐ முதலில் தொடுபவர் வெற்றி. இதிலும் குறைந்த எண்ணைத்தான் முதலில் தொட வேண்டும். மேசை நிறைய பந்துகள் நெருங்கிக் கிடக்கும், நேர்வழி அடைந்திருக்கும், விளிம்பில் மோதவிட்டுச் சுற்றி வருவது அன்றாடத் தேவை. பதினைந்து பந்துச் சந்தைக்குள் வளர்ந்தவருக்கு ஒன்பது பந்து மேசை வெட்டவெளிபோல் தெரியும். ரெயஸின் ‘மாயம்’ என்று நாம் கை தட்டுவது அங்கே பழகிய வழி.

இரண்டாவது, காற்று. நம்மைப்போலவே புழுக்கமான நாடு. குளிர்சாதனம் இல்லாத, பக்கச் சுவரும் இல்லாத கூடங்கள் ஏராளம். ஈரக் காற்றில் மேசைத் துணி கனத்துப் பந்து மெதுவாக ஓடும். அதை மேசையின் மறுமுனைக்கு அனுப்ப நீண்ட வீச்சு வேண்டும். வேகமான புதுத் துணி விரித்த போட்டி மேசையில் பழகும் கைக்கு அந்த வீச்சு தேவையில்லை. சின்னத் தள்ளல் போதும், பெரிய வீச்சு பிழையைத்தான் கூட்டும்.

மூன்றாவது, பணம். பிலிப்பைன்ஸில் பந்தய ஆட்டம் பலருக்குப் பள்ளிக்கூடமாகவே இருந்தது. மாட்டிக்கொண்ட நிலையிலிருந்து வெளியேறத் தெரிந்தவர்தான் அன்றைய சாப்பாட்டுக்கு மிஞ்சுவார். இதைக் கதையாகக் கேட்க இனிக்கும். அந்தப் பள்ளிக்கூடத்தில் தோற்றவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு ரெயஸ் எழுந்த இடத்தில் எத்தனை அறுபது வெள்ளிகள் தொலைந்திருக்கும்? என்னுடைய ஒன்றைக் கொண்டு நான் கணக்கிடலாம்.

மாயத்துக்குள் இருக்கும் கணக்கு

நான் ‘மாயம்’ என்று கும்பிட்டதற்குள் இயற்பியல் இருந்தது. நேராக, சுழற்சியின்றி மோதும் வெள்ளைப் பந்து ஏன் அப்படியே நிற்கிறது? இரண்டு பந்துகளின் பொருண்மையும் சமம். உந்தம் முழுவதும் மற்றப் பந்துக்குப் போய்விடுகிறது. பக்கவாட்டில் மோதினால் இரண்டும் ஏறக்குறைய 90 பாகையில் பிரியும். வெள்ளைப் பந்து உருண்டு வந்து மோதினால் அந்தக் கோணம் குறையும். விளிம்பில் படும் பந்து, கண்ணாடியில் படும் ஒளியைப்போல் வந்த கோணத்திலேயே திரும்பப் பார்க்கும்; சுழற்சியும் வேகமும் அதைச் சற்று மாற்றும். மேசை விளிம்பில் பதித்திருக்கும் 18 புள்ளிகள் அழகுக்கல்ல, அந்தக் கோணங்களை அளக்கத்தான்.

1835-இலேயே இதற்கென ஒரு கணித நூல் எழுதினார் பிரெஞ்சு அறிஞர் கொரியோலி. புயல்கள் ஏன் சுழல்கின்றன என்று புவியியல் பாடத்தில் படிக்கிறோமே, அந்த ‘கொரியோலி விளைவு’க்குப் பெயர் தந்தவர்தான். 1995-இல் ரினோ நகரில் ரெயஸ் அடித்த புகழ்பெற்ற ‘இசட்’ அடியில், வெள்ளைப் பந்து விளிம்புகளில் பட்டு ‘இசட்’ எழுத்தாக ஓடிவந்து, மறைந்திருந்த பந்தைக் குழிக்கு அனுப்பியது. அவர் சூத்திரம் எழுதிப் பார்த்து அடிக்கவில்லை. ஆனால் அந்தச் சூத்திரத்தைக் கையால் பல்லாயிரம் முறை போட்டுப் பார்த்திருக்கிறார். என் நண்பன் நோட்டுப் புத்தகத்தில் எழுதியதை அவர் மாமாவின் கூடத்தில் எழுதாமல் செய்தார். வேறுபாடு அவ்வளவுதான்.

அதனால் ‘பிலிப்பைன்ஸ் என்றால் பிறவித் திறமை, தைவான் என்றால் பயிற்சி’ என்ற எங்கள் சண்டையின் அடிப்படையே தவறு. இரண்டுமே பயிற்சி; மேசைதான் வேறு. கார்லோ பியாடோவைப் பாருங்கள். இளமையில் கோல்ஃப் திடலில் மட்டைப் பை சுமந்த பிலிப்பைன்ஸ்காரர். 2015 பத்துப் பந்து உலக இறுதியில் கோ பின்-யியிடம் தோற்றார். 2017-இல் ஒன்பது பந்து உலகப் பட்டம், 2021-இல் அமெரிக்கப் பொதுப் போட்டி, 2025-இல் மீண்டும் உலகப் பட்டம். அவர் ஆட்டத்தில் நிதானமும் ஒழுங்கும் அதிகம். கண்ணை மறைத்துக்கொண்டு நாட்டைக் கேட்டால் நான் தைவான் என்று சொல்லியிருப்பேன். 2021-இல் அவர் வென்ற இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர் நம் பக்கத்து வீடான சிங்கப்பூரின் அலோய்சியஸ் யாப். அதே ஆண்டு உலகத் தரவரிசையில் முதலிடமும் பிடித்தார். எந்த ‘ரத்த’க் கணக்கில் சிங்கப்பூரைச் சேர்ப்பது?

38/50

முதல் தவணைத் தாளை மறுபடி எழுதப் பதிவு செய்தேன். பழைய நூல்களை ஒரு மூத்த மாணவியிடம் இரவல் வாங்கினேன். ஒரே வகைக் கணக்கை இருபது முறை போட்டேன். சரியாக வந்ததை மட்டும் எண்ணி எழுதினேன். முதல் வாரம் 20-க்கு 7. வெட்கமாக இருந்தது. ஆனால் ‘கணக்கு வராது’ என்பதற்கும் ‘20-க்கு 7’ என்பதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதைக் கண்டேன். முன்னது தீர்ப்பு. பின்னது ஓர் எண். தீர்ப்பை வைத்துக்கொண்டு அழத்தான் முடியும். எண்ணை வைத்துக்கொண்டு நாளைக்கு 8 ஆக்கலாம்.

இப்படிச் சொல்வதால், எல்லாம் முயற்சிதான், மேசை பொருட்டில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரெயஸுக்கு மாமாவின் கூடம் இருந்தது. எனக்கு இரவல் நூல் கிடைத்தது. அமைதியாக உட்கார ஒரு மேசைகூட இல்லாத வீடுகள் நம்மிடையே உண்டு. அந்தப் பிள்ளைகளிடம் ‘ரத்தத்தில் இல்லை’ என்பதும் பொய், ‘நீ முயலவில்லை’ என்பதும் பாதிப் பொய். முதலில் ஒரு மேசை கொடுங்கள்.

மறுமுறை எழுதிய தாளில் பி கிடைத்தது. ஏ இல்லை, பி. இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். விடுமுறைக்கு ஊர் வரும்போது நண்பனோடு மேல் மாடிக்குப் போவதுண்டு. பணம் வைத்து ஆடுவதில்லை. கடைசியாகப் போனபோது என் எண் 38/50, அவனுடையது 43/50. அவன் இன்னும் தைவான் கட்சிதான். நானும் கட்சி மாறவில்லை, ரெயஸின் பழைய ஆட்டம் ஓடினால் இன்னும் எழுந்து நின்றுதான் பார்ப்பேன்.

அப்பாவுக்கு அறுபது வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை. “புக்கு வாங்கிடு” என்றார். வாங்கினேன். பயிற்சி முடித்த பிறகு அதை எங்கள் தாமானில் படிவம் ஆறு படிக்கும் ஒரு தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்த ‘20-க்கு 7’-ஐ மட்டும் அழிக்கவில்லை.